இருபத்து மூன்றாவது குறிப்பு

அக்கா,

இன்று காலை மொட்டை மாடிக் கொடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. உன் பேத்தி யாழினி துவைத்துப் போட்டிருந்தாள். கணக்குத் தெரியாமல் நீலத்தை ஒரு மூடி கூடுதலாக ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது. வெயில் ஏற ஏற அந்த நீல வாசனை எழுந்து வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவன் குவளையோடு அப்படியே நின்றுவிட்டேன். நேற்று அரை மணி நேரம் அந்த வேட்டியை விரித்துப் பிடித்ததில் இரண்டு தோளும் வலிக்கின்றன. நீ எத்தனை நாள் பிடித்திருப்பாய்? ஒரு நாளாவது உன்னிடம் "கை வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறேனா? யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டதாக நினைவில்லை.

எனக்கு அப்போது பதினேழு. உனக்கு இருபது. சூரமங்கலத்தில் ரயில்வேயில் இருந்த மாமா ஊர் மாற்றலாகிப் போகும்போது இரண்டு கண் வைத்த அந்தப் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம், தூரம், நேரம் எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு எடுப்பேன். பக்கத்துத் தோட்டங்களில் கேட்க ஆரம்பித்தார்கள். "நம்ம பையன் படம் புடிக்கறானாமா, பாப்பாளையும் ஒண்ணு புடிக்கச் சொல்லோணும்." ஆனால் போய் நின்றால் பெண்கள் யாரும் வெளியே வர மாட்டார்கள். வளர்ந்த பையன் ஒருவன் கண்ணாடி வழியாக உற்றுப் பார்க்க, அவன் எதிரில் யார் வந்து உட்காருவார்கள்?

அதனால்தான் நீ வந்தாய். சைக்கிள் கேரியரில் மஞ்சப்பையோடு உட்கார்ந்து வருவாய். பைக்குள் அப்பாவின் வேட்டி. வெயிலில் உட்காரவைத்தால் கண் கூசும். நிழலில் உட்காரவைத்தால் முகத்தில் பாதி இருண்டுவிடும். நிழலில் உட்காரவைத்து, வெயில் விழும் இடத்தில் நீ வேட்டியை விரித்துப் பிடித்தால் அந்த வெளுப்பு பட்டு முகத்தின் மறுபாதி மெல்லத் தெளியும். இதை நான் ஒரு புத்தகத்தில் படித்துச் சொன்னேன். நீ ஒரே நாளில் என்னைவிட நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டாய். பிடித்துக்கொண்டே பேச்சும் கொடுப்பாய். "ஏனுங்க சின்னம்மா, மருமக வந்ததுல இருந்து ஒரு சுத்துப் பெருத்துட்டீங்களே, சோறு நல்லாப் போடறாளாட்டிருக்குது?" அந்த அம்மா சிரிப்பை அடக்கும் நொடியில் நான் விசையை அழுத்துவேன். நான் எடுத்தவற்றில் நல்ல படங்கள் எல்லாமே நீ பேசியதற்கு வந்த பதில்கள்தாம்.

காசு கேட்கும் இடம் வந்தால்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒரு படம் மூணு ரூபாய்ங்க" என்பேன். எதிராளி வாயைத் திறப்பதற்குள், "ரெண்டா இருந்தாலும் பரவாயில்லைங்க" என்பேன். அவர்கள் ரெண்டுக்குச் சரி என்று சொல்வதற்குள், படத்தில் எது சரியாக வராமல் போகலாம் என்று விளக்கத் தொடங்கிவிடுவேன். ஒரு தோட்டத்தில் நான் இப்படி ஆரம்பித்தபோது என் வலது காலின் சுண்டுவிரல் மேல் ஏதோ அழுத்தியது. குனிந்து பார்த்தேன். உன் குதிகால். நீ அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாய். நான் வாயை மூடினேன். அவர் கொஞ்சம் தாடையைச் சொறிந்துவிட்டு, "மூணா? சரி, ஆகட்டும்" என்றார். திரும்பும் வழியில் நீ சொன்னாய்: "வெலையச் சொன்னா அவுங்க யோசிக்கறதுக்கு நேரம் குடு சாமி. அந்த நேரத்துல நீ எதுக்கு நொட்டை சொல்ற? உன்ற படத்துக்கு நீயே நொட்டை சொன்னா, வாங்கறவங்க என்னத்தச் சொல்லுவாங்க?"

இந்த வருடம் யாழினி இங்கே கல்லூரியில் சேர்ந்து என் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். அவளுக்கும் இப்போது பதினேழு. விடுமுறையில் ஒரு கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய கேமரா ஒன்று வாங்கியிருக்கிறாள். தோழிகளைச் சும்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்:

"தாத்தா, இனிமே காசு வாங்கிட்டு எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க வாங்கியிருக்கீங்கதானே? என்னென்ன பாத்துக்கணும்னு சொல்லுங்களேன்."

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வாயால் சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக் கொடுத்தேன். உட்காரும் முன்பே விலையைச் சொல். எத்தனை படம், என்றைக்குக் கிடைக்கும் என்பதை எழுதிக் கொடு. முன்பணம் வாங்காமல் நாள் குறிக்காதே. பேட்டரி இரண்டு வைத்துக்கொள். தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகாதே. ஒருவருடைய முகத்தில் அவருக்கே பிடிக்காதது எது என்பதை அவர் சொல்லாமலே தெரிந்துகொள். இப்படி இருபத்திரண்டு குறிப்புகள். அவள் வாய்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். "பரீட்சை வெப்பீங்களா தாத்தா?" என்றாள்.

இருபத்து மூன்றாவதை நான் எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அதை எழுதினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சரசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். என் மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், தான் போட்ட தவறான கணக்கை யாருக்கும் காட்டாமலே ஓய்வு பெற்றான்.

உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

பக்கத்துத் தோட்டத்துச் சரசுவின் தாத்தா கேட்டு அவளை ஒரு படம் எடுத்தோம். மாட்டுக் கொட்டகைச் சார்ப்பின் நிழல், காலை வெயில், இடது பக்கம் நீ. அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு இன்னொன்றை என் மாதிரி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். புது ஆட்களிடம் என் வேலையைக் காட்டத்தான் அந்த ஆல்பம். ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்தில் ஆற்றங்கரையில் கூட்டம் நெரியுமே, அங்கே போனால் நிறையப் பேர் எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டுத் தனியாகப் போனேன். துண்டை விரித்து ஆல்பத்தைத் திறந்து வைத்தேன். அன்று நூறு கையாவது அதைப் புரட்டியிருக்கும்.

ஜேடர்பாளையத்து வீடு ஒன்றிலிருந்து ஆவணி பிறந்ததும் சரசுவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். எனக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பெண்கள் அன்று ஆற்றுக்கு வந்து ஆல்பத்தைப் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம் எதற்காக ஊர் ஊராகப் போகும்? தரகர் கையில்தான் போகும். எத்தனை வீட்டில் காட்டி எத்தனை வீட்டில் வேண்டாம் என்றார்களோ, கடைசியில் ஆற்றங்கரையில் துண்டு விரித்துக் காட்டுகிறார்களே என்று பேச்சாகிவிட்டது. வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரசுவின் அப்பா நம் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நீ சொம்பில் தண்ணீர் கொண்டு போனாய். "தண்ணி வேண்டாங்க அம்மிணி" என்றார். நம் வீட்டு வாசலில் யாரும் தண்ணீரை மறுத்து நான் பார்த்ததில்லை. நடந்ததைத் தணிந்த குரலிலேயே சொன்னார். திட்டவில்லை. போய்விட்டார்.

அன்று பகலெல்லாம் நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது நீளமாகப் போய்விட்டது. அடுத்ததில் என் பக்க நியாயம் அதிகமாக இருப்பதாகப் பட்டது. மூன்றாவதை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து எட்டிப் பார்த்தாய்.

"என்ன சாமி பண்ற?"

"கடுதாசி எழுதறேன்."

"கடுதாசி எதுக்கு? காலு இருக்குதில்ல? எந்திரிச்சுச் சட்டையப் போடு, போலாம்."

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "கட்டிக்குடுக்க வேண்டிய புள்ள, ஊரான் ஊட்டுப் படியேறி நாயம் பேசுனா உன்னை எவன்டி கட்டுவான்?" என்றாள். நீ மஞ்சப்பைக்குள் ஆல்பத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "எவனும் கட்டலைன்னா இவனோட வேட்டி புடிச்சுட்டே இருந்துக்கறேன், போம்மா." அந்தப் பதிலில் இருந்த துணிச்சலை மட்டும்தான் அன்று நான் கேட்டேன். நீ எதைப் பணயம் வைத்தாய் என்பது எனக்கென்று ஒரு மகள் பிறந்து வளர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் சரசு வீடு. படத்தையும் நெகட்டிவையும் அவள் அப்பா கையில் கொடுத்தாய். நான் சைக்கிள் அருகிலேயே நின்றிருந்தேன். சரசு உன்னைக் கிணற்றுப் பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மறுநாள் இரண்டு பஸ் மாறி ஜேடர்பாளையம் போனோம். மாப்பிள்ளையின் அம்மா நம்மை உட்காரச் சொல்லவில்லை. நீ நின்றபடியே ஆல்பத்தைத் திறந்தாய். முதல் பக்கம் காலி. அடுத்த பக்கத்தில் பல் எல்லாம் விழுந்த நம் பெரிய தாத்தா. அதற்கடுத்ததில் ஒரு காளை.

"இவருக்கு எழுவது தாண்டியாச்சுங்க. நல்ல எடமா இருந்தாச் சொல்லுங்க. இந்தக் காளைக்குங்கூடப் பாத்துட்டுத்தான் இருக்கறோம்."

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஒரு பெண் சத்தமாகவே சிரித்தாள். அப்போது நீ குரலை மாற்றிச் சொன்னாய்: "இது தம்பியோட மாதிரி ஆல்பமுங்க. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. படம் நல்லா வந்துருச்சுன்னு இவன் கேக்காமக் கொண்டாந்து வெச்சுட்டான். தப்பு இவம்மேலதானுங்க." நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, சரசு கிணற்றடியில் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருந்துதாமா. 'எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க'ன்னு சொன்னா." சற்றுப் பொறுத்து நீயே தொடர்ந்தாய்: "மூணு ரூபா குடுத்துப் படத்தைத்தான் வாங்குனாங்க. மூஞ்சிய நமக்கு விக்கலையே சாமி."

ஆவணியில் அவர்களே பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணம் முடிவானது. வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்த சரசுவின் அப்பா உட்காரும் முன்பே தண்ணீர் கேட்டார். கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சேலத்திலிருந்து வேறு ஆளை வரவழைத்திருந்தார்கள். அது நியாயம்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். யாழினிக்குக் காசு கொடுத்த முதல் ஆள் மல்லிகா. நம் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். புற்றுநோய்க்கு எட்டு மாதம் சிகிச்சை எடுத்து, உதிர்ந்த முடி இப்போதுதான் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது. "இது வளர்ந்து மூடறதுக்குள்ள எனக்குன்னு ஒரு படம் வேணும் கண்ணு" என்று கேட்டு எடுத்துக்கொண்டார். சங்ககிரியில் இருக்கும் வயதான அம்மாவிடம் நோயைப் பற்றியே அவர் சொல்லவில்லை. அது யாழினிக்குத் தெரியாது.

படம் அருமையாக வந்திருந்தது. யாழினி அதைத் தன் வேலைகளைப் போடும் பக்கத்தில், செல்போனில், 'காசு வாங்கி எடுத்த முதல் படம்' என்று எழுதிப் போட்டுவிட்டாள். சங்ககிரியில் லாரி ஆபீஸில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் பார்த்திருக்கிறான். மாலைக்குள் அந்த அம்மா கைக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. "அந்தப் படத்தை எடுத்துடு கண்ணு." அவ்வளவுதான் சொன்னாராம். யாழினி உடனே எடுத்துவிட்டாள். காரணம் பிறகு வேறொருவர் வழியாகத் தெரிந்தது. அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து போனில் எதையோ அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"சாரின்னு மெசேஜ் அனுப்பறேன் தாத்தா. எப்படி எழுதினாலும் தப்பாவே வருது."

அக்கா, நான் பதில் தேடவே வேண்டியிருக்கவில்லை. உன் குரல் என் வாயிலிருந்து வந்தது. "மெசேஜ் எதுக்கு? காலு இருக்குதில்ல?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான், அங்கேயே, சரசுவைப் பற்றிச் சொன்னேன். நோட்டில் இதை எழுதாமல் விட்டது ஏன் என்பதையும் சொன்னேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நீங்க எழுதியிருந்தாலும் நான் போட்டிருப்பேனோ என்னவோ" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எழுதியிருந்தால் போட்டிருக்க மாட்டாள். அந்த நோட்டை அவள் எப்படிப் படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவைத் திறந்தது மல்லிகாவின் அம்மா. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் போய்விட்டது. "நாங்க… வந்து…" என்றேன். அதற்குள் யாழினி முன்னே வந்துவிட்டாள்.

"அந்தப் படம் எடுத்தது நானுங்க. கேக்காமப் போட்டதும் நான்தானுங்க."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எட்டு மாசமாப் போன்ல சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசுனா. அத்தனையும் பொய்ச் சிரிப்பு. நீ புடிச்ச படத்துல இருக்கறதுதான் நெசச் சிரிப்பாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மல்லிகா தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "எங்கம்மாகிட்ட எப்பச் சொல்லோணும்னு நான் ஒரு நாள் வெச்சிருந்தேன். முடி இன்னும் கொஞ்சம் வளரட்டும், நேர்ல போய் மடியில படுத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த நாளை நீ எடுத்துக்கிட்ட கண்ணு."

யாழினி பையிலிருந்து, மல்லிகா கொடுத்த பணத்தை எடுத்து மிஷின் மேல் வைத்தாள்.

"இதைத் திருப்பிக் குடுத்துட்டா ஆயிப்போச்சா?" என்றார் மல்லிகா. "எடுத்து உள்ள வை. காசு வாங்குனவகிட்டத்தான் நான் கேள்வி கேக்க முடியும். சும்மா எடுத்துக் குடுத்திருந்தீன்னா, சின்னப் புள்ள தெரியாமப் பண்ணிருச்சுன்னு நானே தொண்டைக்குள்ள முழுங்கியிருப்பேன்."

இதை என் இருபத்திரண்டில் எங்கே சேர்ப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. காசு வாங்குவது நம் வேலைக்கு மதிப்பு என்று மட்டும் எழுதியிருந்தேன். அது எதிரில் உட்காருபவருக்குக் கொடுக்கும் உரிமை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா உள்ளிருந்து வந்து, "தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். எனக்குத் தாகமே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்து முடித்தேன். யாழினி ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளிடம் சரசுவின் அப்பாவைச் சொன்னபோது தண்ணீரைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மல்லிகாவே கூப்பிட்டார். அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமாம். யாழினி என் பெட்டியைக் குடைந்து, "தாத்தா, அம்மாயி புடிச்ச வேட்டி இருக்குதா?" என்று கேட்டாள். மகள் வீட்டுக்கு நீ தங்க வரும்போதெல்லாம் அந்தக் கதையை அவளிடம் சொல்லியிருக்கிறாய் போல. நல்ல பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறாய்.

நேற்றுக் காலை அவர்கள் வீட்டுப் பின்வாசலில் எடுத்தாள். அம்மா படியில் உட்கார, மகள் ஒரு படி கீழே. நான் இடது பக்கம் வேட்டியோடு. "இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க தாத்தா. ஆட்டாதீங்க." விசையை அழுத்தும் முன் கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "இதை நான் யாருக்காச்சும் காட்டலாமுங்களா?"

மல்லிகா அம்மாவைப் பார்த்தார். "வேண்டாம் கண்ணு. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு எடுத்தாள். அந்த அம்மா மகளின் தலையில் கை வைத்து, குட்டை முடியைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை நீயும் பார்க்க முடியாது, நானும் யாரிடமும் விவரிக்கப் போவதில்லை. வேட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் என்ற முறையில் நல்ல படம் என்று மட்டும் சொல்கிறேன். இரவு நோட்டை வாங்கி இருபத்து மூன்றாவதை எழுதினேன். "கேள்" என்ற ஒரு சொல்தான். அதற்குக் கீழே சரசு என்று அவள் பெயரையும் எழுதலாமா என்று யோசித்தேன். அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது? விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். படம் எடுக்க உட்காரும் முன், யாழினி விலையைச் சொன்னாள். முதல் தடவை சொன்னதைவிடச் சற்றுக் கூடுதல், ஏனென்றால் இரண்டு பேர். சொல்லிவிட்டு நின்றாள். மல்லிகா யோசித்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. இவர்களுக்கு இவ்வளவு நடந்திருக்கிறது, குறைத்தால்தான் என்ன என்று வாயைத் திறந்தேன்.

என் வலது காலின் சுண்டுவிரல் மேல் ஏதோ அழுத்தியது.

குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. உன் குதிகாலைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே கிடையாது. நீ சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். மல்லிகா, "சரி கண்ணு, ஆகட்டும்" என்று சொல்லும் வரை நான் காலை நகர்த்திக்கொள்ளவில்லை, அக்கா.

உன் தம்பி